ஸ்டேஷனை இடித்துக் கட்டும்போது ரயிலில் வேலைக்குப் போவது எப்படி

முதலில் தாமதத்துக்குக் காரணம் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாதிரி சமயத்தில் வண்டி நிற்பது பெரும்பாலும் பழுதால் அல்ல, நுழைய இடமில்லாமல்தான். இரண்டு பிளாட்பாரத்தை மூடிவிட்டால், மிச்சமிருப்பதில் ஒரு வண்டி கிளம்பினால்தான் அடுத்தது சிக்னலைத் தாண்டி உள்ளே வரமுடியும், காலையில் ஒரு வண்டி சுணங்கினால் பின்னால் வருவதெல்லாம் வரிசையாகச் சுணங்கும். அதனால் நெரிசலுக்கு முந்தைய வண்டியைப் பிடியுங்கள். தூக்கம் போகும்தான், என்ன செய்வது.

ரயில் நேரம் காட்டும் ஆப்பில் 'சரியான நேரம்' என்று பச்சையாகக் காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள், முந்தைய ஸ்டேஷனை வண்டி எப்போது விட்டது என்று பாருங்கள். பிளாட்பாரத்தைக் கடைசி நிமிடத்தில் மாற்றுவார்கள், எனவே படிக்கட்டு பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி பஸ்ஸிலோ நடந்தோ போகமுடியுமா என்று ஏதாவது லீவு நாளில் போய்ப் பார்த்து வையுங்கள். வண்டி மாறுகிறவர்கள் அடுத்த இணைப்பு வண்டியை விட்டு அதற்கடுத்ததை நம்புவது நல்லது. அப்புறம், தாமதத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மேலாளருக்கு வண்டியில் இருந்தே அனுப்பிவிடுங்கள். போய்ச் சேர்ந்தபின் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் தெரியும்.