போர்க்கால உரையைப் படிக்கும்போது பென்சிலோடு உட்காருங்கள்

போர்க்கால உரை ஒன்றைப் படிக்கும்போது 'நாம்' வரும் இடங்களை எல்லாம் வட்டமிட்டுப் பாருங்கள். ஆங்கில உரை என்றால் ஒவ்வொரு 'வீ'யையும் (we) தமிழில் 'நாமா, நாங்களா' என்று கேட்டுப் பாருங்கள். நம் மொழி தரும் அருமையான கருவி இது. பேசுபவர் நாடாளுமன்றத்தைச் சொல்கிறாரா, படையைச் சொல்கிறாரா, கேட்பவரையும் உள்ளே இழுக்கிறாரா என்பது உடனே பிடிபடும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் படை சுற்றிவளைத்திருந்த பிரான்ஸின் டன்கிர்க் கரையிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்கள் கடல்வழியே மீட்கப்பட்டிருந்த நேரம். அதை வெற்றி என்று கொண்டாடிவிடக் கூடாது, பின்வாங்கிப் போரை வெல்ல முடியாது என்று அவரே எச்சரித்தார். கெட்ட செய்தியை மறைக்காதவர் மேல் நம்பிக்கை வருவது இயல்புதானே.

அப்புறம் 'நாம் போரிடுவோம்' என்று திரும்பத் திரும்ப வரும் அந்தப் பகுதி. அதை வாய்விட்டுப் படியுங்கள், இடங்களையும் கவனியுங்கள். கடற்கரை, தரையிறங்கும் இடங்கள், வயல்கள், தெருக்கள், குன்றுகள். எதிரி உள்ளே வந்துகொண்டே இருக்கிறான்! எனக்கு இதுதான் அந்த உரையின் உச்சம். ஆபத்தை ஒப்புக்கொள்ளும் அதே வரிகள்தான் துணிவையும் தருகின்றன. வினைச்சொல் மட்டும் மாறுவதே இல்லை, கடைசியில் 'ஒருபோதும் சரணடைய மாட்டோம்' என்று வரும்வரை.