முதல் யூகுலேலே திருவிழாவா? கருவியோடு போங்கள்

யூகுலேலே, நாலு தந்தி கட்டிய சின்ன கிட்டார் மாதிரிக் கருவி. அதன் திருவிழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் கருவியோடுதான் வருகிறார்கள். பெரிய கலைஞர்களின் கச்சேரி மாலையில் இருக்கும். பகல் முழுக்க வாசிப்பது நம்மைப் போன்ற அமெச்சூர்கள்தான். நாலு கார்ட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) மட்டும் தெரிந்த ஒருவர், நூறு பேரோடு உட்கார்ந்து ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிக்கலாம். இப்படி ஓர் இடம் வேறு கருவிகளுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. அதனால்தான் "இன்னும் கொஞ்சம் தேறிவிட்டு அடுத்த வருஷம் போகலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். தேறுவதற்கே அங்கே போகலாம்.

திருவிழாக்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஹவாயில் ராய் சகுமா 1971-இல் தொடங்கிய விழா, வைகிகியில் கபியோலானி பூங்காவின் திறந்தவெளி மேடையில் நடந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒன்றாக வாசித்ததுதான் அதன் பெருமை. இங்கிலாந்தில் செல்ட்னம், ஹடர்ஸ்ஃபீல்ட் போன்ற ஊர்களில் நடந்த விழாக்கள் வேறு மாதிரி: வார இறுதி, நகர மண்டபம், பகலில் பயிலரங்குகள், இரவில் கச்சேரி. நான் இங்கே சொல்வது இந்த இரண்டாவது வகையை வைத்துத்தான்.

படி 1: டிக்கெட் எடுக்கும் முன் நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள்

வார இறுதிக்கு மொத்தமாக ஒரு டிக்கெட், ஒரு நாளுக்கு மட்டும் ஒன்று, மாலைக் கச்சேரிக்குத் தனியாக ஒன்று என்று பல வகை இருக்கும். முதல் தடவை என்றால் ஒரு முழுப் பகலும் அன்றைய மாலைக் கச்சேரியும் போதும்.

பயிலரங்குகளை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஓர் அறையில் இருபது, முப்பது பேருக்குத்தான் இடம் இருக்கும். பல விழாக்களில் டிக்கெட் எடுத்த பிறகு பயிலரங்குக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். 'பிகினர்' என்றால் சில கார்ட்கள் தெரிந்தால் போதும். 'இம்ப்ரூவர்' என்றால் பாட்டை நிறுத்தாமல் கார்ட் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் நிலைக்கு ஒன்று, அதற்கு ஒரு படி மேலே ஒன்று, ஆக இரண்டு போதும். நாள் முழுக்கப் பயிலரங்காக அடுக்கினால் மதியத்துக்குள் விரல் நுனி எரிய ஆரம்பித்துவிடும்.

படி 2: கருவியைத் தயார் செய்யுங்கள்

சோப்ரானோ, கான்சர்ட், டெனர் என்ற மூன்று அளவில் எது இருந்தாலும் சரி. மூன்றுக்கும் ஜி, சி, ஈ, ஏ என்ற ஒரே சுருதிதான். இவற்றைவிடப் பெரிய பாரிடோன் மட்டும் தனி. அதன் தந்திகள் டி, ஜி, பி, ஈ என்று இருப்பதால், கூட்டத்தில் எல்லோரும் பிடிக்கிற விரல் வடிவம் அதில் வேறு கார்டாக ஒலிக்கும். பாரிடோன்தான் கைவசம் என்றால் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்) ஒரு கேபோ, அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி, மாட்டுங்கள். ஜி, சி, ஈ, ஏ வந்துவிடும்.

தந்தி பழசாகிவிட்டது என்றால் விழாவுக்கு ஒரு வாரமாவது முன்பே மாற்றிவிடுங்கள். நைலான் வகைத் தந்திகள் புதிதில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். முந்தின இரவு மாற்றினால் மறுநாள் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே சுருதி சேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிட்டார் ஸ்டீல் தந்தியை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அந்த இழுப்பை யூகுலேலேயின் மெல்லிய மேல்பலகை தாங்காது.

விமானத்தில் போவதாக இருந்தால் கருவியைக் கையோடு கேபினுக்குள் எடுத்துச் செல்லப் பாருங்கள். சோப்ரானோ சுமார் 53 சென்டிமீட்டர் நீளம், டெனர் 66 வரை வரும். பெட்டியோடு சேர்த்தால் சில விமான நிறுவனங்களின் அளவைத் தாண்டலாம், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: நாலு கார்டையும் வலது கையையும் பழக்குங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சி, ஏ மைனர், எஃப், ஜி7. இந்த நாலும் நிதானமான வேகத்தில் கை மாறினால் விழாவில் வாசிக்கப்படும் பாட்டுகளில் நிறையவற்றுக்குள் நுழைந்துவிடலாம்.

மாற்றும்போது எல்லா விரலையும் தூக்கி மறுபடி வைக்காதீர்கள். எந்த விரல் இருந்த இடத்திலேயே நிற்கலாம் என்று பாருங்கள். சி-க்கு மோதிர விரல் ஏ தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில். அதை எடுத்துவிட்டு நடுவிரலை ஜி தந்தியில் இரண்டாவது ஃப்ரெட்டில் வைத்தால் ஏ மைனர். அந்த நடுவிரலை அசைக்கவே வேண்டாம். ஆள்காட்டி விரலை ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் சேர்த்தால் எஃப். இப்போது ஆள்காட்டி நிற்கட்டும், நடுவிரல் சி தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டுக்கு நகரட்டும், மோதிர விரல் ஏ தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் இறங்கட்டும். ஜி7 வந்துவிட்டது. திரும்ப சி-க்குப் போக, மோதிர விரலைத் தந்தியை விட்டு எடுக்காமலேயே மூன்றாவது ஃப்ரெட்டுக்கு வழுக்கி, மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். இந்தச் சுற்றில் எல்லா விரலும் ஒரே சமயத்தில் இடம் மாறுவது சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது மட்டும்தான். மற்ற மூன்று மாற்றங்களிலும் ஒரு விரல் தந்தியை விடுவதே இல்லை. இதை மெதுவாக, கையைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு.

வலது கை இதைவிடவும் முக்கியம். கழுத்து உடலோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், ஆள்காட்டி விரல் நகத்தால் கீழ்நோக்கி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. அவ்வளவுதான். கார்ட் தவறினாலும் இந்தக் கை நிற்கக் கூடாது. அடுத்த கார்ட் வரவில்லையா, இடது கை விரல்களைத் தந்திகள் மேல் லேசாகப் படியவிட்டு அடியுங்கள். 'டக், டக்' என்று தாளம் மட்டும் கேட்கும், தப்புச் சுரம் எதுவும் வராது. வீட்டிலேயே வேண்டுமென்று கார்டைத் தவறவிட்டு இதைப் பழகுங்கள். கூட்டத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது இதுதான்.

படி 4: பையில் என்ன வேண்டும்

கருவியின் தலையில் கவ்விக்கொண்டு சுருதி சரியா என்று காட்டுகிற கிளிப் ட்யூனர் கட்டாயம். சத்தமான கூடத்தில் செல்போன் ட்யூனர் பக்கத்துக் கருவிகளையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வை வாங்கிக்கொள்வதால் எத்தனை பேர் வாசித்தாலும் உங்கள் தந்தியை மட்டும் காட்டும். அப்புறம் மடக்கு ஸ்டாண்ட், பென்சில், தண்ணீர், பாட்டுத் தொகுப்பு. தொகுப்பைப் பல விழாக்கள் முன்கூட்டியே பி.டி.எஃப் ஆகக் கொடுத்துவிடும். பெயர் எழுதிய ஒட்டுத்தாளைக் கருவிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். ஒரே மாதிரிக் கறுப்புப் பைகள் வரிசையாகக் கிடக்கும்போது அதன் அருமை தெரியும்.

படி 5: பயிலரங்கில் உட்காரும் முறை

பத்து நிமிடம் முன்பே போய், சுருதி சேர்த்துவிட்டு உட்காருங்கள். ஆசிரியர் பேசும்போது தந்தியைச் சும்மா நெருடாதீர்கள். முப்பது பேரும் மெதுவாகத்தான் நெருடுவார்கள், ஆனாலும் அவர் குரல் கேட்காது. அவர் காட்டுவதை முழுவதும் எழுத முயல வேண்டாம். ஒரு தாள அமைப்பை மட்டும் கீழ், மேல் அம்புக்குறிகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவில் வீடியோ எடுக்கலாமா என்று கேட்டால் பலர் மெதுவாக ஒரு தடவை வாசித்துக் காட்டுவார்கள். கேட்காமல் எடுப்பது மட்டும் வேண்டாம்.

ஆங்கிலேயக் கூட்டத்தில், அந்தக் காலத்து ஆங்கிலப் பாடகர்-நடிகர் ஜார்ஜ் ஃபார்ம்பியின் பாணியைச் சொல்லித்தரும் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். பாஞ்சோவும் யூகுலேலேயும் கலந்த பாஞ்சோலேலேயில் அவர் வாசித்த 'ஸ்பிளிட் ஸ்ட்ரோக்' என்ற வலது கை அடி வேகமானது, தாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது. அவர் பெயரில் 1961-இல் தொடங்கிய சங்கம் இன்றும் பிளாக்பூலில் கூடி வாசிக்கிறது. முதல் தடவையிலேயே கை வராது. எப்படி அடிக்கிறார்கள் என்று அருகிலிருந்து பார்ப்பதே பெரிய பாடம்.

படி 6: கூட்டு வாசிப்பில் கலந்துகொள்ளுங்கள்

விழாவின் உயிரே இங்கேதான் இருக்கிறது. முன்னால் ஒருவர் நின்று நடத்துவார், திரையில் வரிகளும் கார்ட்களும் ஓடும், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணியதும் மொத்தக் கூடமும் தொடங்கும். ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான். உங்கள் கை ஒரு நொடி தளர்ந்தாலும் தேர் நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

எங்கே உட்கார வேண்டும் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தடித்த ரப்பர் போன்ற தந்திகள் கட்டிய பேஸ் யூகுலேலே ஒன்று கூட்டத்தில் எங்காவது இருக்கும், ஒயர் ஓர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். அது கேட்கிற இடத்தில் உட்காருங்கள். பெரிய கூடத்தில் பின்வரிசைக்குத் தாளம் அரை நொடி பிந்தித்தான் வந்து சேருகிற மாதிரி தோன்றும். பேஸ் பக்கத்தில் இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

முதல் பாட்டில் ஒவ்வொரு வரியின் முதல் கார்டை மட்டும் வாசியுங்கள், மற்ற நேரம் 'டக், டக்'. இரண்டாவது பாட்டில் தெரிந்த கார்ட்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். பி ஃபிளாட் மாதிரி கடினமான கார்ட் வரும்போது அந்த அடியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறிக்கொள்ளுங்கள். பாடவும் செய்யுங்கள். பாடுகிறவரின் கை தானாகவே தாளத்தில் நிற்கும்.

படி 7: ஓப்பன் மைக்

யார் வேண்டுமானாலும் மேடையேறி வாசிக்கலாம் என்பதுதான் ஓப்பன் மைக். விருப்பம் இருந்தால் மட்டும். காலையிலேயே பெயர் கொடுக்க வேண்டும், பொதுவாக ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு. நேற்றுப் பழகிய பாட்டு வேண்டாம், மாதக்கணக்கில் வாசித்துச் சலித்த பாட்டைத் தேர்ந்தெடுங்கள். மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைத்தால் சத்தம் குமுறும். கழுத்தும் உடலும் சேருமிடத்தை நோக்கி வைக்கச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பாட்டு வாசிக்கத் தயங்காதீர்கள். மேலே சொன்ன நாலு கார்டுக்குள் அடங்குகிற நம் மெல்லிசைப் பாட்டுகள் உண்டு. மொழி புரியாவிட்டாலும், 'ல ல லா' என்று ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தொடங்கினால் கூடமே திருப்பிப் பாடும். இந்தக் கருவியே ஊர் விட்டு ஊர் வந்ததுதான். 1879-இல் மடெய்ரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலுலு வந்திறங்கிய போர்ச்சுகீசியரில் மூன்று தச்சர்கள், தங்கள் ஊர்ச் சின்ன கிட்டாரை ஹவாயில் வளரும் கோவா (koa) என்ற மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். மன்னர் கலாகௌவா அதை அரண்மனைக்குள் கொண்டுபோனார். 1915-இல் சான்ஃபிரான்சிஸ்கோ பொருட்காட்சி வழியாக அமெரிக்கா முழுக்கப் பரவியது. அப்படிப்பட்ட கருவியின் மேடையில் எந்த மொழிப் பாட்டுக்கும் இடம் உண்டு.

படி 8: கடைகளில் நிதானம்

கருவி செய்கிறவர்களே கடை போட்டிருப்பார்கள். கூட்டம் சேருவதற்கு முன், காலையில் போங்கள். மோதிரம், கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான், பெல்ட் பக்கிள் எதுவும் மரத்தில் உரசாமல் பார்த்துக்கொண்டு, கேட்ட பிறகே கையில் எடுங்கள். வாசித்துப் பார்க்கத் தயங்க வேண்டாம், அதற்காகத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள்.

மூன்றை மட்டும் சோதியுங்கள். கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டுங்கள். ஃப்ரெட் நுனிகள் விரலைக் கீறக் கூடாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் விரலுக்குச் சுகம். கடைசியாக, வெறும் தந்தியை ட்யூனரில் சேர்த்துவிட்டு, அதே தந்தியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசியுங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே சரியாக நிற்க வேண்டும். ட்யூனர் முள் பெரிதாக விலகினால் அந்தக் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். முழுமர மேல்பலகைக் கருவி வாங்கினால் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் அது உலர்ந்து விரிசல் விடும்.

படி 9: மாலையிலும் மறுநாளும்

மாலைக் கச்சேரியில் கலைஞரின் இடது கையைவிட வலது கையைப் பாருங்கள். ஒரே ஒரு தந்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும்.

வீடு திரும்பியதும், பயிலரங்கில் குறித்த அம்புக்குறிகளை இரண்டு நாளைக்குள் வாசித்துப் பார்த்துவிடுங்கள், அதற்கு மேல் போனால் பென்சில் குறி மட்டும்தான் மிஞ்சும். பயிலரங்கில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த ஊர்க் குழு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இந்தக் குழுக்கள் பல, வாரம் ஒரு மாலை பப்பின் பின்னறையில் கூடுகின்றன. புதியவர்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு பாட்டுத் தொகுப்பும் எப்போதும் தயாராக இருக்கும்.