மலையில் கேமரா ஏமாறும் இடங்கள்: நீலகிரியில் படம் எடுக்கப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படம் எடுக்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று சுற்றிவிட்டுப் படங்களைக் கணினியில் திறந்தால் ஏமாற்றம்தான். மூடுபனி சாம்பல் பூத்திருக்கும், சோலைக்காடு ஆடிப்போயிருக்கும், தேயிலைத் தோட்டம் வெளுத்திருக்கும். உடனே அடுத்த லென்ஸ் வாங்கும் யோசனை வந்துவிடுகிறது. அவசரப்பட வேண்டாம். கேமராவோடு வரும் 18-55 லென்ஸோ நல்ல செல்பேசியோ தாராளமாகப் போதும். எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சம் உள்ளதாகவே வைத்துக் கணக்குப் போடுவது கேமராவின் இயல்பு. மலையில் அப்படிப்பட்ட காட்சி அரிது. கேமரா எங்கே தப்புக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்துகொண்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

மூடுபனியில்

வெள்ளை மூடுபனி திரையை நிறைக்கும்போது, இவ்வளவு வெளிச்சம் கூடாது என்று கேமரா தானாகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துவிடும். வெண்மை அழுக்குச் சாம்பலாவது இதனால்தான். மெல்லிய பனிக்கு எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமராவின் கணக்கை நாமே கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பு) +0.7 வரையும், எதிரில் வருபவர் முகம் தெரியாத அடர்பனிக்கு +1 முதல் +1.3 வரையும் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது. மேடு வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், ஆனால் வலது ஓரத்தில் முட்டி நிற்கக் கூடாது. செல்பேசியில் காட்சியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

சோலைக்காட்டுக்குள் கதை தலைகீழ். இருண்ட அடிமரங்களையும் பாசியையும் கேமரா வலிய வெளிச்சமாக்கி, காட்டைப் பட்டப்பகல் போலக் காட்டும். அங்கே -0.7 வையுங்கள். இதில் இன்னொரு கண்ணி உண்டு. பெரும்பாலான கேமராக்களில் காம்பென்சேஷன் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாது. பனியில் +1 வைத்துவிட்டு, பனி விலகி வெயில் வந்ததும் அப்படியே எடுத்தால் வானம் முழுக்க வெளுத்துப்போகும். ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் அந்த எண்ணைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பனியில் ஆட்டோ போகஸ் முன்னும் பின்னும் அலைவது லென்ஸின் பழுதல்ல. ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பைத் தேடித்தான் அது பிடிக்கிறது, வெறும் வெண்மையில் அந்த விளிம்பு இல்லை. போகஸ் புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்து, யூகலிப்டஸ் மரத்தின் விளிம்பிலோ வேலிக் கல்லிலோ வைத்துப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு காட்சியைச் சரிசெய்துகொள்ளலாம். அந்த மரமும் கல்லும் படத்துக்கே தேவை. அருகில் அடர்நிறத்தில் ஒரு பொருள் இருந்தால்தான் பின்னால் இருப்பவை அடுக்கடுக்காக மங்குவது தெரியும். அதை விட்டுவிட்டு எதிர்மலையை ஜூம் செய்தால் வெறும் சாம்பல் தாள்தான் மிஞ்சும்.

பனியில் பிளாஷ் போடவே கூடாது. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் அந்த ஒளியைத் திருப்பி அடித்துப் படமெங்கும் வெள்ளைப் புள்ளிகளாக விழும். எடுத்து முடித்த பிறகு எடிட்டிங்கில் மங்கலை நீக்கும் டீஹேஸ் வசதியை இழுத்துப் பனியைத் துடைத்துவிடுவதும் பரவலான தவறு. பனிக்காகவே எடுத்த படத்தில் பனியை அழிக்க வேண்டிய காரணம் என்ன? சில செல்பேசிகள் கேட்காமலே இதைச் செய்யும், அவற்றில் வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் ஹெச்.டி.ஆரையும் அழகூட்டும் வசதியையும் அணைத்து வையுங்கள்.

ஐ.எஸ்.ஓ.வை (கேமரா ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் எண்) ஏற்ற அஞ்சி 100-லேயே வைத்திருப்பவர்களின் சோலைப் படங்கள்தான் ஆடிப்போகின்றன. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) லென்ஸின் மி.மீ. எண்ணுக்கு ஈடாகவாவது இருக்க வேண்டும், 50 மி.மீ. என்றால் 1/50 நொடி. சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) சிறியதாக உள்ள கேமராவில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும், அதனால் அதில் 55 மி.மீ.க்கு 1/80-க்குக் கீழே இறங்காதீர்கள். ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை தயங்காமல் ஏற்றலாம். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பின்னால் குறைக்க முடியும், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

உறைபனியும் காலை வெயிலும்

டிசம்பர், ஜனவரியில் உறைபனி தேடி வருகிறவர்கள் உயரமான இடத்தில்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்து 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்கு ஏறப் பார்க்கிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஊட்டியை அடுத்த தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில்தான் உறைபனி நன்றாகப் படியும். வெயில் பட்ட சில நிமிடங்களில் அது கரையத் தொடங்கும் என்பதால் விடியும் முன்பே அங்கே இருக்க வேண்டும். புல்லின் மேல் நடந்துவிட்டால் காலடித் தடம் படத்தைக் கெடுக்கும், ஓரத்திலிருந்தே எடுக்கலாம். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம் என்றால் உரியவரிடம் கேட்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உட்பையில் உடல் சூட்டோடு வைத்திருங்கள்.

செல்பேசிச் செயலி காட்டும் சூரிய உதய நேரத்தை அப்படியே நம்புவதும் இங்கே பொய்த்துப்போகும். அது தடையில்லாத அடிவானத்துக்கான கணக்கு. கிழக்கே மலை நிற்கும் பள்ளத்தாக்கில் நேர்வெயில் விழ அதற்கு மேலும் வெகுநேரம் ஆகும், விழும்போது பொன்னிறமும் போயிருக்கும். முந்தைய நாளே போய் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து எப்போது இறங்குகிறது என்று பார்த்துவைப்பதுதான் வழி. தேயிலைச் செடிகளின் வரிசை எடுப்பாகத் தெரிய பக்கவாட்டு வெயில் வேண்டும். உச்சி வெயிலில் இலைகள் பளபளத்து வெளுக்கும். லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டி அந்தப் பளபளப்பைக் குறைக்கும், ஆனால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தையும் விழுங்கும் என்பதால் சோலைக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள்.

மலை ரயில்

நீராவி இன்ஜினை எதிர்பார்த்து குன்னூருக்கு மேலே உள்ள லவ்டேல், கேத்தி நிலையங்களில் காத்திருப்பவர்கள் பலர். வழக்கமான ரயில்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் நீராவி, அதற்கு மேல் டீசல். இன்னொன்று, இன்ஜின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தான் மாட்டப்பட்டிருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். ஆகவே முன்னால் புகை கக்கி வரும் இன்ஜின் வேண்டுமென்றால் இறங்கும் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். பல்சக்கரப் பாதையில் ரயில் மெதுவாகத்தான் ஊரும், 1/250 போதுமானது. வெயிலில் நீராவியின் வெண்மை வெளுத்துவிடாமல் -0.3 அல்லது -0.7 வையுங்கள். தண்டவாளத்தில் இறங்கி நிற்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. நடைமேடையும் சாலை ஓரமும் போதாத படம் இந்தப் பாதையில் எதுவும் இல்லை.

பூஞ்சைக்கு இடம் கொடுக்காதீர்கள்

குளிரில் கிடந்த கேமராவை வெதுவெதுப்பான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் லென்ஸில் நீர் கோக்கும். உள்ளே நுழையும் முன்பே ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் ஈரம் உறையின் மேல்தான் படியும். மலையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போதும் இதே கவனம் வேண்டும். நீர் கோத்துவிட்டால் லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் சென்சார் வரை போகும்.

மழைக்காலத்தில் கேமராவைத் தோல் பையிலோ அலமாரியிலோ மாதக்கணக்கில் பூட்டிவைப்பதுதான் லென்ஸுக்குப் பூஞ்சை வரும் வழி. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். ரப்பர் பட்டையோடு இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பத மானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் அதற்கு மேல் ஈரம் உறிஞ்சாது, மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். அதிலுள்ள கோபால்ட் உப்பு நச்சு என்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். முதலில் ஊதும் பம்பால் மணலை அகற்றி, அதன் பிறகே மைக்ரோபைபர் துணி.

விலங்கும் மனிதரும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடு வீட்டு வாசல் வரை வரும். சாதுவாக மேய்வதால் செல்பேசியோடு நெருங்கிவிடுகிறார்கள், அது திரும்பினால் ஓட நேரமிருக்காது. முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது. விலங்கு தலை தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால் தூரம் குறைந்துவிட்டது என்று பொருள்.

தேயிலை பறிக்கும் பெண்கள் கூலி வேலையில் இருப்பவர்கள். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டு, வேண்டாம் என்றால் கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில் ஊர்க்காரர் அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது, அவர்களுடைய கோயிலருகே போகவும் கூடாது.

பகிரும்போது

ஒரே காட்சியின் நாற்பது படங்களை அனுப்பிவிட்டு “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்ற பதில்தான் வரும். அதில் கற்க ஒன்றுமில்லை. மூன்று படம் தேர்ந்து, “இந்த மரத்தை இடப்பக்கம் தள்ளியிருக்கலாமா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். ஷட்டர் வேகம், எஃப் எண் (லென்ஸின் திறப்பளவு), ஐ.எஸ்.ஓ. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பார்ப்பவரும் பயனுள்ள பதில் தருவார். ஏற்றுமதி செய்யும்போது பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண அமைப்பில் சேமிக்காவிட்டால் பிறர் திரையில் பச்சை மங்கித் தெரியலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்பினால் முழுத் தரமும் போகும். ஆனால் கோப்பினுள் பதிந்த இருப்பிடமும் கூடவே போகும். பறவைக் கூடு, காட்டு ஆர்க்கிட் போன்றவற்றின் இடம் வெளியானால் அடுத்த வாரம் அங்கே கூட்டம் கூடும், பறித்துச் செல்வோரும் வருவார்கள். செல்பேசிக் கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை முன்பே அணைத்துவிடுங்கள். தலைப்பில் ‘நீலகிரி’ என்று போட்டால் போதும்.