விமானங்கள் நெருங்கிப் போனதாக வரும் செய்தியைப் படிப்பது எப்படி?

இரண்டு விமானங்கள் நூலிழையில் தப்பின என்று வரும் செய்தியில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கும். 500 அடி என்றோ, 2 கிலோமீட்டர் என்றோ போட்டிருப்பார்கள். அந்த எண் உயரத்தில் இருந்த இடைவெளியா, பக்கவாட்டில் இருந்த இடைவெளியா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ரேடார் பார்வையில் பறக்கும் விமானங்களுக்கு இடையே வழித்தடத்தில் பொதுவாக 5 கடல் மைல், விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் 3 கடல் மைல், அல்லது செங்குத்தாக 1,000 அடி இருக்க வேண்டும். இந்த 'அல்லது' மிகவும் முக்கியமானது. இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். இரண்டும் ஒரே நேரத்தில் குறைந்தால்தான் பாதுகாப்பு இடைவெளி இழக்கப்பட்டதாகப் பொருள். எனவே 20 கடல் மைல் தள்ளிப் பறந்த இரு விமானங்களுக்கு உயரத்தில் 500 அடிதான் வித்தியாசம் என்பது செய்தியே அல்ல.

அடுத்து, தூரத்தை நேரமாக மாற்றிப் பாருங்கள். தலா மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வரும் இரு விமானங்கள் ஒரு வினாடிக்கு 500 மீட்டர் நெருங்குகின்றன. 5 கடல் மைல், அதாவது சுமார் 9.3 கிலோமீட்டர், 19 வினாடிகளுக்குள் கரைந்துவிடும். அதே தூரத்தில் ஒன்றின் பின் ஒன்றாகச் செல்லும்போது பின்னால் வருவது மணிக்கு 50 கிலோமீட்டர் மட்டுமே கூடுதல் வேகத்தில் வந்தால், எட்டிப் பிடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரே எண்ணுக்குள் இவ்வளவு வேறுபாடு ஒளிந்திருப்பதால், விமானங்கள் எந்தத் திசையில் சென்றன என்று சொல்லாத செய்தியிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மூன்றாவதாக, அந்த நேரத்தில் தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளரின் கண்முன் என்ன இருந்தது என்று பாருங்கள். இன்றைய திரையில் ஒவ்வொரு புள்ளியின் அருகிலும் விமானத்தின் அழைப்புப் பெயரும் உயரமும் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற அம்புக்குறியும் தெரியும். 1996 நவம்பர் 12 அன்று டெல்லியில் அந்த வசதி இல்லை. அங்கிருந்த முதன்மை ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. தரையிறங்க வந்த கசாக் விமானத்துக்கு 15,000 அடியும், புறப்பட்டுச் சென்ற சவூதி விமானத்துக்கு 14,000 அடியும் கொடுக்கப்பட்டிருந்தன. வருவதற்கும் போவதற்கும் ஒரே தடம். கசாக் விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே இறங்கியது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிய வழியே இல்லாமல் போயிற்று. ஹரியானாவின் சார்க்கி தாத்ரிக்கு மேலே நடந்த அந்த மோதலில் 349 பேரும் மாண்டனர். இறங்கியது விமானிகளின் பிழைதான். ஆனால் அந்தப் பிழையைப் பிடித்து நிறுத்த வேண்டிய அடுத்த தடுப்பு எதுவும் அங்கே இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நான்காவது, விமானத்திலேயே இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் என்ன சொன்னது, விமானிகள் அதன்படி நடந்தார்களா என்பது. இங்கே சற்று நிதானமாகப் படியுங்கள். டிகாஸ் குரல் கொடுத்தது என்பதாலேயே இடைவெளி இழக்கப்பட்டது என்று ஆகாது. 1,000 அடி கீழேயே நிற்க வேண்டிய விமானம் வேகமாக ஏறி வந்தாலும் அது ஒலிக்கும். ஆபத்து, டிகாஸ் ஒன்றும் தரை வேறொன்றும் சொல்லும்போது பிறக்கிறது. 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யைசு நகரை ஒட்டிய வான்வெளியில், பயிற்சியிலிருந்த கட்டுப்பாட்டாளர், நெருங்கிவந்த இரு விமானங்களில் 958ஆம் எண் விமானத்தை இறங்கச் சொல்ல நினைத்து 907 என்று சொல்லிவிட்டார். 907இல் டிகாஸ் ஏறச் சொன்னது. விமானி தரையின் கட்டளைப்படி இறங்கினார். 958இன் டிகாஸும் இறங்கத்தான் சொன்னது. இரண்டிலும் சேர்த்து 677 பேர் இருந்தனர். கடைசி நேரத்தில் விலகியதால் காயங்களோடு முடிந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே அப்படி முடியவில்லை. மோதலுக்கு 43 வினாடிகள் இருக்கையில் சூரிச் கட்டுப்பாட்டாளர் ரஷ்யாவின் துப்பலேவ் விமானத்தை இறங்கச் சொன்னார். 7 வினாடிகள் கழித்து அதன் டிகாஸ் 'ஏறு' என்றது. எதிரே வந்த போயிங் சரக்கு விமானத்தின் டிகாஸ் 'இறங்கு' என்றது. மேலும் 7 வினாடிகளில் கட்டுப்பாட்டாளர் தம் கட்டளையைத் திரும்பச் சொன்னார். இரண்டு விமானங்களும் இறங்கின. பள்ளிப் பிள்ளைகள் பலர் உட்பட 71 பேர் இறந்தனர். அந்த இரவில் சூரிச் கட்டுப்பாட்டாளர் தனியாளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலையால் திரையில் தெரிய வேண்டிய மோதல் எச்சரிக்கை இயங்கவில்லை. ஆபத்தைக் கவனித்துவிட்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே கட்டுப்பாட்டு நிலையத்தாரின் தொலைபேசி அழைப்பும் அவரை எட்டவில்லை. இதை ஒரு மனிதரின் தவறு என்று ஒற்றை வரியில் முடிக்கும் செய்தியை நான் ஏற்பதில்லை. இப்போது விதி ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது: டிகாஸ் கட்டளையிட்டால் விமானி அதன்படியே நடந்து தரைக்குத் தெரிவிக்க வேண்டும், மோதல் விலகியது என்று அவர் அறிவிக்கும் வரை கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் பாதையை மாற்றச் சொல்லக் கூடாது.

கடைசியாக, விசாரணையின் இறுதி அறிக்கை வெளிவந்தால் முடிவுரையிலிருந்து தொடங்காதீர்கள். பணியில் எத்தனை பேர் இருந்தனர், எந்தக் கருவி அணைக்கப்பட்டிருந்தது என்ற பகுதிகளை முதலில் படியுங்கள். பிறகு வானொலி உரையாடல் பதிவை எடுத்து, ஒவ்வொரு கட்டளையையும் விமானி எண்களோடு திருப்பிச் சொன்னாரா, தவறாகச் சொல்லியிருந்தால் கட்டுப்பாட்டாளர் திருத்தினாரா என்று வரிவரியாகப் பாருங்கள். பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் நேரத்தை வைத்து, கட்டளைக்கும் பதிலுக்கும் இடையே கழிந்த வினாடிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.