மென்மை எண்ணைக் கடைசியில் கேளுங்கள்: நெகிழ் பிளாஸ்டிக் காம்பவுண்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

நெகிழும் பாகம் ஒன்றைச் செய்ய நினைப்பவர் காம்பவுண்டு (வார்ப்பதற்கெனக் கலந்து தயாரித்த பிளாஸ்டிக்) விற்பவரிடம் முதலில் கேட்பது, பெரும்பாலும் "ஷோர் ஏ 75 இருக்கிறதா?" என்பதுதான். ஷோர் ஏ என்பது ஊசியை அழுத்தி அளக்கும் மென்மை எண். அந்த ஒரே எண்ணுக்கு நெகிழ்வூட்டிய பி.வி.சி.யையும் கொடுக்கலாம், எஸ்.இ.பி.எஸ். (ஸ்டைரீன் சார்ந்த நெகிழ் பிளாஸ்டிக்) வகையையும் கொடுக்கலாம், டி.பி.வி.யையும் (ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன்) டி.பி.யூ.வையும் (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன்) கொடுக்கலாம். கையில் அழுத்திப் பார்த்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். வெயிலிலும் எண்ணெயிலும் ஓயாத அழுத்தத்திலும் நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். எனவே மென்மை எண்ணைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, பாகம் எதையெல்லாம் தாங்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவதே சரியான வரிசை.

அதற்கு முன், மென்மை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். 1926-இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டோ செமன் அதை எளிதில் ஆவியாகாத கரைப்பான்களில் சூடாக்கி நெகிழச் செய்தார், இன்றும் டி.ஓ.பி., டி.ஐ.என்.பி., டி.ஓ.டி.பி. போன்ற நெகிழ்வூட்டி எண்ணெய்கள் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்துதான் அதை இளக்குகின்றன. அந்த எண்ணெய் வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டதன்று, ஆகவே வெளியேறவும் கூடும். எஸ்.இ.பி.எஸ்., டி.பி.யூ. போன்ற தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர்களில் (ரப்பர்போல் நெகிழும், சூட்டில் உருகும் பிளாஸ்டிக்குகளில்) மென்மையான பகுதியும் கெட்டியான பகுதியும் ஒரே சங்கிலியிலேயே இருக்கின்றன. கெட்டிப் பகுதிகள் ஒன்றுசேர்ந்து முடிச்சுப்போல் பிடித்துக்கொள்கின்றன, சூட்டில் அவிழ்ந்து ஆறியதும் மீண்டும் இறுகுகின்றன. டி.பி.வி. வேறு வகை: கலக்கும்போதே குறுக்குப் பிணைப்பு பெற்ற நுண்ணிய இ.பி.டி.எம். ரப்பர் துகள்கள் பாலிபுரொப்பிலீனுக்குள் பரவியிருக்கும். (மென்மையான எஸ்.இ.பி.எஸ். காம்பவுண்டுகளிலும் கனிம எண்ணெய் கணிசமாகவே இருக்கும். "எண்ணெயே இல்லாதது" என்ற விற்பனைப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.)

இனி ஒரு தாளை எடுத்து, பாகம் சந்திக்கும் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த வெப்பநிலைகள், தொடும் திரவங்கள், ஒட்டியிருக்கும் பிற பிளாஸ்டிக், எவ்வளவு காலம் அமுங்கியே இருக்கும், தோலையோ உணவையோ தொடுமா என்பவற்றை எழுதுங்கள்.

இவற்றுள் அதிகம் புறக்கணிக்கப்படுவது அமுக்கம். கேஸ்கெட், வாசர், கதவு விளிம்புப் பட்டை ஆகியவை திருப்பித் தள்ளும் விசையால்தான் நீரையும் காற்றையும் அடைக்கின்றன. அந்த விசை குறையக் குறையக் கசிவு தொடங்கும். கம்ப்ரஷன் செட் என்ற சோதனை இதைத்தான் அளக்கிறது: துண்டைப் பொதுவாக 25 சதவீதம் அமுக்கி, குறித்த வெப்பநிலையில் குறித்த நேரம் வைத்து, விடுவித்த 30 நிமிடங்களுக்குப் பின் அமுக்கிய அளவில் எத்தனை சதவீதம் மீளாமல் நின்றுவிட்டது என்று பார்ப்பார்கள். விற்பவர் தரும் தாளில் அறை வெப்பநிலைக்குரிய எண் அழகாக இருக்கும். உங்கள் பாகம் 70 டிகிரியில் வேலை செய்யுமானால் அந்த எண்ணால் பயனில்லை. இரண்டு எஃகுத் தகடுகள், நான்கு போல்ட்டுகள், சரியான உயரத்தில் இடைத்தடுப்பு, ஓர் அடுப்பு இருந்தால் போதும். போட்டியிடும் காம்பவுண்டுகளை ஒரே நாளில் நீங்களே ஒப்பிட்டுவிடலாம். சூட்டில் பி.வி.சி. வெகுவாகத் தோற்கும், டி.பி.வி. நன்றாக நிற்கும், அதனினும் நன்றாக நிற்பது வல்கனைஸ் செய்த ரப்பர்; எலாஸ்டோமர் எல்லாவற்றையும் ரப்பருக்கு மாற்றாக எண்ணிவிடக் கூடாது. அப்படியென்றால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பி.வி.சி. கேஸ்கெட் எப்படி நிலைக்கிறது என்று கேட்கலாம். அங்கே கதவை இழுத்து மூடுவது உள்ளிருக்கும் காந்தப் பட்டை, பி.வி.சி.யின் மீள்விசை அன்று.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. பாலிஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ். உறை மீது பி.வி.சி. வயர் நீண்ட நாள் கிடந்தால் நெகிழ்வூட்டி உறைக்குள் ஊடுருவி, அதை இளக்கி ஒட்டவைக்கும், சில வேளை வெடிப்பும் விழும். உண்மையான உறைத் துண்டின் மீது காம்பவுண்டை வைத்து, எடை ஏற்றி, 50 டிகிரி அளவில் சில நாள் விட்டுப் பார்ப்பது நல்லது. ஏற்றுமதிப் பொருளானால், நெகிழ்வூட்டிகளில் ஒரு வகையான தாலேட்டுக்குரிய வரம்பையும் கவனிக்க வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் டி.இ.எச்.பி. (மேலே சொன்ன டி.ஓ.பி.யின் மறுபெயர்) உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளுக்கு, நுகர்வோர் கையாளும் பெரும்பாலான பொருள்களில், 2020 ஜூலை முதல் 0.1 சதவீத வரம்பு நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் பி.வி.சி.யை இழிவாகப் பேசுவது நியாயமன்று. மின்கம்பி உறைக்கும் தோட்டக் குழாய்க்கும் அதன் விலைக்கு ஈடான பொருள் அரிது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 5831, கம்பிக்கான பி.வி.சி.யை வெப்பநிலை வாரியாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

கனிம எண்ணெயும் கிரீஸும் படும் இடத்தில் எஸ்.இ.பி.எஸ். வீங்கிவிடும், அங்கே டி.பி.யூ. பொருந்தும், ஹைட்ராலிக் சீல்களில் அது நிலைபெற்றதும் இதனால்தான். ஆனால் வெந்நீரும் ஈரப்பதமும் சேர்ந்தால் பாலியெஸ்டர் வகை டி.பி.யூ. நீராற்பகுப்பால் சிதையும், பாலியீதர் வகையே தாக்குப்பிடிக்கும். பல் துலக்கும் பிரஷ் போன்றவற்றில் கெட்டிப் பிளாஸ்டிக்கின் மேல் பிடி வார்ப்பதானால், பாலிபுரொப்பிலீனோடு எஸ்.இ.பி.எஸ். காம்பவுண்டு உருகி ஒட்டும், பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். ஆகியவற்றுக்கு அதற்கென மாற்றியமைத்த ரகமோ டி.பி.யூ.வோ வேண்டும்.

விலையைக் கிலோவில் ஒப்பிட்டால் ஏமாற நேரிடும். 1.3 அடர்த்தியுள்ள பி.வி.சி. ஒரு கிலோவில் சுமார் 770 கன சென்டிமீட்டர்தான் கிடைக்கும், 0.9 அடர்த்தியுள்ள எஸ்.இ.பி.எஸ்.ஸில் 1,110 கிடைக்கும். அச்சு நிரம்புவது கன அளவால்.

சோதனை ஓட்டத்தில், டி.பி.யூ.வை உலர்த்தாமல் ஹாப்பரில் (இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக் ஊட்டும் தொட்டியில்) கொட்டக் கூடாது. 80 முதல் 100 டிகிரியில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் உலர்த்தாவிட்டால் குமிழியும் வலுக்குறைவும் நிச்சயம். எஸ்.இ.பி.எஸ்., டி.பி.வி. இரண்டும் அச்சை நிரப்பவில்லையென்றால் உடனே வெப்பத்தைக் கூட்டாமல், முதலில் செலுத்தும் வேகத்தைக் கூட்டுங்கள், ஏனெனில் இவற்றின் பாகுநிலை சூட்டைவிட வேகத்துக்கே அதிகம் இளகும். பி.வி.சி.யைச் சூடான பேரலில் (ஸ்குரு சுழலும் உருளையில்) நிறுத்தி வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவந்து ஸ்குருவையே அரிக்கும். வேலை முடிந்ததும் பாலிஎத்திலீன் விட்டுக் கழுவிவிடுங்கள். அசிட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஓடிய பேரலில் கழுவாமல் பி.வி.சி. போடுவதையும், பி.வி.சி. ஓடியதில் அசிட்டால் போடுவதையும் எந்த அவசரத்திலும் அனுமதிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து வேகமாகச் சிதைந்து, நச்சு வாயுவோடு பேரல் அழுத்தம் வெடிக்கும் அளவுக்கு உயரக்கூடும்.

இத்தனைக்கும் ஈடுகொடுத்த ஓரிரு ரகங்கள் எஞ்சிய பிறகே ஷோர் எண்ணைக் கேளுங்கள். ஊசி பதிந்த கணத்தில் எடுத்த அளவா, 15 விநாடி கழித்து எடுத்ததா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மென்மையான பொருளில் இரண்டுக்கும் இடையே பல புள்ளிகள் வேறுபடும். உங்கள் ஆலையில் அளக்கும்போது துண்டு குறைந்தது 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். மெல்லிய தகட்டை மேசை மேல் வைத்து அளந்தால், மேசையின் கடினமும் அந்த எண்ணில் கலந்துவிடும்.