தங்கச்சியின் கல்லூரிப் பட்டியலைச் செலவை வைத்துப் போட்டோம்

அப்பா மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அது முடிந்த கையோடு கல்லூரிக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். அதனால் தங்கச்சியின் பொறியியல் கலந்தாய்வுக்கு, ஒவ்வொரு கல்லூரிக்கும் பக்கத்தில் வருஷச் செலவையும் எழுதினேன்: கட்டணம், விடுதி, சாப்பாடு, பஸ்.

நான் டிகிரி முடித்தவன் என்பதால் வீட்டில் முதலில் பட்டம் படிக்கிறவருக்குத் தரும் முதல் பட்டதாரிச் சலுகை அவளுக்குக் கிடையாது. (பலருக்கு இது தெரிவதில்லை.) ஆனால் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது இல்லை. வீடு தேடி வந்த ஏஜென்ட் இதை மட்டும் சொல்லவே இல்லை.

அப்புறம் வரிசையை மாற்றினோம். ஒதுக்கீடு கிடைக்காவிட்டாலும் எங்களால் கட்ட முடிகிற கல்லூரிகள், காரைக்குடி அரசுக் கல்லூரியும் ராமநாதபுரத்தில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியும், பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வைத்தோம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயைக் கட்டணக் கணக்கில் சேர்க்கவில்லை. அது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும். காரைக்குடியே கிடைத்தது, 7.5-இல்.