ஏதென்ஸ்ல ரெண்டு நாள், எதை எப்போ பாக்கலாம்

முதல் நாள் காலைல கதவு திறந்ததுமே பழைய கோயில்கள் இருக்கிற அக்ரோபோலிஸ் குன்று மேல ஏறிடுங்க, டிக்கெட்டை டைம் ஸ்லாட்டோட ஆன்லைன்லயே எடுத்துடணும், மேல நிழலே கிடையாது, பாறை வேற தேஞ்சு தேஞ்சு வழுக்கும், அதனால நல்ல பிடிப்புள்ள ஷூ ரொம்ப முக்கியம். அங்க இருக்கிற அதீனா தேவி கோயில், பார்த்தினான், கட்ட ஆரம்பிச்சது கிமு 447ல. பக்கத்துல எரெக்தியான் கோயில்ல தூணா நிக்கிற பெண் சிலைகள் எல்லாமே நகல்தான், அசல் அஞ்சு கீழ அக்ரோபோலிஸ் மியூசியத்துல இருக்கு, ஆறாவது லண்டன்ல. மியூசியத்துல அந்த ஆறாவதுக்காக விட்டு வெச்சிருக்கிற காலி இடத்தைப் பாக்கும்போது மனசு கனத்துடும்.

வெயில் ஏறினதும் நேரா அந்த மியூசியத்துக்குள்ள போயிடுங்க. மேல் மாடி கண்ணாடிச் சுவர் வழியா பார்த்தினானையே பாத்துக்கிட்டு அதோட சிற்பங்களைப் பாக்கலாம், இதை மட்டும் அவசரப்படுத்தாதீங்க.

சாயங்காலம் அகோரா, அதாவது அந்தக் காலத்து சந்தைத் திடல், அங்க ஹெபைஸ்டஸ் கோயில் கிட்டத்தட்ட முழுசா நிக்குது.

ரெண்டாவது நாள் தேசிய தொல்லியல் மியூசியம். பெருசு, எல்லாத்தையும் பாக்க முடியாது, ஆனா ஆன்டிகித்தெரா கருவியை விட்டுடாதீங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பல்சக்கரம் வெச்சு கிரகணம் கணிச்சிருக்காங்க!